நகையும் மடமும்

நகைச்சுவைக் கதையைத் திண்ணையில் உட்கார வைப்பதும், அறிவியல் புனைகதையை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் தமிழ்த் துறையினராகிய நம்மிடையே நிலவும் வழக்கம். இரண்டும் ஒன்றாய் வந்தால் கேட்கவே வேண்டா. இதனால் இழப்பு நமக்கே என்போம்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லி (1928–2005) 'கேலக்ஸி' இதழில் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் எழுதிய கதைகள் சிலவற்றில் கிரிகர், ஆர்னால்டு என்னும் இருவர் வருகின்றனர். வேற்றுக் கோள்களைத் துப்புரவு செய்து தரும் சிறு கம்பெனி அவர்களுடையது. எடுத்த தொழிலுக்குச் சற்றும் பொருந்தாதவர்கள். கையில் காசும் இல்லாதவர்கள். மலிவாய்க் கிடைக்கும் இயந்திரத்தை ஆர்னால்டு வாங்கிவிடுவார். பிறகு படும் பாடு இருவருக்கும் பொது.

'தி லைஃப்போட் மியூட்டினி' (1955) என்னும் கதையில் பழைய உயிர்காப்புப் படகொன்றை வாங்குகின்றனர். அது ட்ரோம் என்னும் வேற்றினத்தாருக்காகச் செய்யப்பட்ட, சிந்திக்கும் படகு. ஏறியவர்களையும் ட்ரோம்களாகவே கருதி, அவ்வினத்தார் விரும்பும் உறைபனிக் குளிரையும், மனிதர் வாயில் வைக்கவொண்ணா உணவையும் பரிவோடு வழங்குகிறது. காக்க வந்த படகே கொல்லப் பார்க்கிறது. அதனிடம் துளியும் பகையில்லை.

'தி லாக்சியன் கீ' (1954) கதையிலோ, செலவின்றிப் பொருள் விளைவிக்கும் இயந்திரம் வருகிறது. அது சாம்பல்நிறப் பொடியை ஓயாது கொட்டுகிறது. நிறுத்துவதற்கான சாவி எவரிடமும் இல்லை. அதைச் செய்த கோளுக்கே சென்று பார்த்தால், அங்கும் அதே பொடி. அதே சாவியைத் தேடும் மக்கள்!

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் பேதைமையும் மடமும் உள. கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடம் என்பர் உரையாசிரியர். இக்கதைகளில் பேதைமை மனிதருடையது, மடம் இயந்திரத்தினுடையது. இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்தமைக்கு இத்துணைத் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறையில் வேறெங்கும் நாம் கண்டதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்யும் கருவிகளிடம் வீட்டையும் அலுவலகத்தையும் ஒப்படைத்துவரும் இந்நாளில், ஷெக்லியின் படகைக் கண்டு சிரிக்கையில் சற்றே அச்சமும் எழுகிறது. அச்சம் எட்டு மெய்ப்பாடுகளுள் மற்றொன்று.

மெய்ப்பாட்டியல் கட்டுரை எழுதும் மாணவர் இக்கதைகளையும் தயங்காது எடுத்தாளலாம். மதிப்பெண் குறைக்கும் தேர்வாளரோடு வாதிட நாம் ஆயத்தமாயுள்ளோம்.