மேலுரம் மட்டும் போதாது

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்திய மண்ணைச் சனநாயகத்துக்கு ஒவ்வாத மண் என்றார். சனநாயகம் அதன்மேல் தூவிய மேலுரம் மட்டுமே என்ற பொருளில் பேசினார். பலரும் இதை மேற்கோள் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நான் இதை உழவு வேலையாகவே படிக்கிறேன்.

களர் நிலத்தில் எவ்வளவு யூரியா தூவினாலும் பயிர் தேறாது. ஜிப்சம் போட்டு உழ வேண்டும். வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி வடிக்க வேண்டும், மறுபடி நிறுத்தி மறுபடி வடிக்க வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழ வேண்டும். வடிகால் தூர்ந்தால் களர் திரும்பிவிடும்.

1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. சட்டம் இருந்தது, வாக்குப்பெட்டி இருந்தது, போலீசும் இருந்தது. ஆனால் வேட்புமனு போட ஆள் வராதபடி மிரட்டினார்கள். வென்றவர்களை உடனே விலக வைத்தார்கள். மேலவளவில் விலக மறுத்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அந்த நான்கு ஊர்களிலும் முறையாகத் தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. அந்தப் பத்து வருடமும் சட்டத்தில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது. இயக்கங்கள் விடாமல் போராடின, மாவட்ட நிர்வாகமும் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசியது. அதன் பிறகே தேர்தல் நடந்தது.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். வடிகால் தூர்ந்துகொண்டிருக்கிறது.

மண்ணையும் ஏரியையும் நம் முன்னோர் எப்படிக் காத்தார்கள் என்று மரபு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏரியைத் தூர்வாரியவர் யார், அதில் தண்ணீர் மொள்ள விடாமல் தடுக்கப்பட்டவர் யார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. எனவே நான் கேட்கும் பராமரிப்பு அந்தப் பழைய ஏற்பாடு அல்ல.

தோழர்களே, கிராமசபை கூடும் நாளில் ஊருக்குப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், தீர்மானப் புத்தகம் யார் கையில், கொடியேற்றியது யார் என்று பாருங்கள். தலைவரை ஓரமாக நிற்க வைத்திருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நான்கு பேரை அழைத்துப் போங்கள்.