குடத்தோடு காத்திருக்க வைப்பது யார்?

எங்கள் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். பார்வையற்றவர். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகை அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் படம் பிடித்து, அப்படியே. அவருடைய போனில் இருக்கும் டாக்பேக் அதை "படம்" என்று மட்டும் சொன்னது. "என்ன படம் தோழர்?" என்று குழுவில் கேட்டிருக்கிறார். அன்று யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்துகளுக்கு நடுவே அந்தக் கேள்வி புதைந்துபோனது. கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

உரிமை பேசும் நாங்களே கதவைச் சாத்தியிருக்கிறோம்.

1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்றது தீர்மானம். அது அரசாணையும் ஆனது. ஆணை வந்த பிறகும் நம் பாட்டிகள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றட்டும் என்று காத்திருந்தார்கள். குடம் நிறைந்தாலும் அது அவமானம்தான். இன்னொருவர் மனசு வைத்தால்தான் தண்ணீர் என்றால் அந்தக் கிணறு எப்படிப் பொதுக் கிணறாகும்?

"பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டலாமே" என்று நாம் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? குடத்தோடு காத்திரு என்கிறோம். சாதியும் உடற்குறைபாடும் ஒன்றல்ல. ஆனால் பொது என்று எழுதிவைத்துவிட்டுப் பூட்டுகிற வேலை ஒன்றுதான்.

அரசின் பூட்டைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணுத் தகவல்கள் எல்லோரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 2017 விதிகளோ, இணையதளத்தில் ஏற்றும் ஆவணம் இபப் வடிவிலோ எழுத்துகளை அடையாளம் காணக்கூடிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்கின்றன. நடப்பது என்ன? கணினியில் எழுத்தாக இருப்பதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 15(1) விதி வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கே முரண் என்றது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

இது நம் பிரச்சினையா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். நம் தெருக்களில்தான் கூடுதல்.

இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரச் சொல்கிறது. பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு அது ஸ்கேன் படமாக வந்தால்? தன்மீது வீசப்பட்ட சாதி வசவு அதில் பதிவாகியிருக்கிறதா, நைசாக விடப்பட்டிருக்கிறதா என்று அவரால் தானே பார்க்க முடியாது. அந்த ஒரு வரி இல்லாததால் வழக்கு வலுவிழப்பதை நாம் அறிவோம்.

இப்போது நம் பூட்டு. நம் துண்டறிக்கைகள் படங்கள். உண்மை அறியும் குழு அறிக்கைகள் ஸ்கேன்கள். பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில். பாமினியில் "அம்பேத்கர்" என்று தட்டினால் கண்ணுக்கு அம்பேத்கர். எழுத்து எழுத்தாகக் காதால் கேட்டால் எம், கே, அரைப்புள்ளி, என், ஜி, ஜே, அரைப்புள்ளி, எஃப், எச், அரைப்புள்ளி. அண்ணலின் பெயரையே உளறலாக்கி அனுப்புகிறோம். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்!

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். போஸ்டரில் இருப்பதைப் படத்தின் கீழே எழுத்தாகவும் போடுங்கள். யூனிகோடில் தட்டுங்கள். வேர்டில் தலைப்புக்குத் தலைப்புப் பாணியைக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. பிடிஎஃப்பை அச்செடுத்து ஸ்கேன் செய்யாமல் கோப்பிலிருந்தே சேமியுங்கள். விரலால் எழுத்தைத் தேர்வு செய்ய முடியவில்லை என்றால் அது படம், அனுப்பாதீர்கள். என்விடிஏ இலவச மென்பொருள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் அறிக்கையை ஒருமுறை கேளுங்கள். அரசு ஆவணம் படமாக இருந்தால், எழுத்து வடிவில் கேட்டு மனுப் போடுங்கள், 42ஆம் பிரிவைக் குறிப்பிட்டு.

"எங்கள் குழுவில் பார்வையற்றவர் யாருமில்லையே" என்பார்கள். பூட்டிய கிணற்றுக்கு யார் வருவார்கள்?

அந்தத் தம்பிக்குப் போன வருடம் போனதுதான். எங்கள் குழுவில் இனி எழுத்தில்லாமல் படம் வராது. உங்கள் குழுவில்?

ஜெய்பீம்.