மூடியில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்

புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. புடவையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். கடைக்காரர் நாலு துணியை எடுத்துப் போட்டால், அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் புடவையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே டியூப் லைட்டில் அரக்காகத் தெரிந்தது வாசலில் மெரூனாக மாறிவிடும் என்பது நம் பாட்டிமார்களுக்கு எப்போதோ தெரியும்.

அதே வீட்டுப் பெண்ணோ பையனோ கைவினைக்கு ஸ்டாம்ப் இங்க் பேட் வாங்கும்போது மட்டும், மூடியில் இருக்கிற நிறத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள்!

வாழ்த்து அட்டை, கொலு அழைப்பு, ரிட்டர்ன் கிஃப்ட் பை, பயண நோட்டு என்று ரப்பர் அச்சு வேலை இப்போது பல வீடுகளில் நடக்கிறது. முதலில் ஒரு கறுப்பு பேட் வாங்குவார்கள். அப்புறம் ஒரு நீலம், ஒரு சிவப்பு. ஒரு வருடத்தில் டப்பா நிறைய பேட் சேர்ந்துவிடும். அதில் நாலு பிரவுன் இருக்கும். ஒன்றின் பெயர் ‘வின்டேஜ் போட்டோ’, இன்னொன்று ‘வால்நட் ஸ்டெயின்’, மற்றொன்று ‘கேதர்டு ட்விக்ஸ்’. பெயரைப் பார்த்து எது எந்த பிரவுன் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. மூடியைப் பார்த்தும் முடியாது. மூடியில் இருப்பது பிளாஸ்டிக்கின் நிறம், அல்லது ஸ்டிக்கரின் நிறம். உள்ளே இருக்கும் மை தாளில் பட்டு, ஊறி, காய்ந்த பிறகு என்ன நிறமாகும் என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டும்.

செஞ்சிக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம் செஞ்சி. ராஜகிரி மேல் ஏறி இறங்கிய பிள்ளைகள் அன்று ராத்திரியே பயண நோட்டில் அதைப் பதிய ஆசைப்படலாம். பென்சில் அழிக்கும் ரப்பரில் மலையின் உருவத்தைச் செதுக்கினால் அச்சு தயார். வெண்டைக்காயை வெட்டிப் பூ அச்சு வைத்த கைக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் எந்த மையில் குத்துவது? செஞ்சிப் பாறை காலையில் இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், உச்சி வெயிலில் கண் கூசும் வெளுப்பு, சாயங்காலம் செம்பு. நாலு பிரவுன் பேடில் ஒன்று அந்தச் சாயங்காலத்துக்குப் பொருந்தும். இன்னொன்றில் குத்தினால் கோட்டை, வெல்லக்கட்டி மாதிரி நிற்கும். நோட்டில் ஒரு தடவை குத்திவிட்டால் அழிக்கவும் வழி இல்லை.

முன்கூட்டியே எல்லா மையையும் ஒரு தாளில் குத்தி, பெயர் எழுதி வைத்துக்கொள்வதற்கு ‘ஸ்வாட்ச்’ என்று பெயர். மாதிரி அட்டை என்று நாம் சொல்லலாம். ஏதோ வெளிநாட்டு யூடியூப் பழக்கம் என்று தோன்றும். ஆனால் நிறத்தின் மாதிரியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி வைத்த பழைய வேலைகளில் ஒன்று, செஞ்சியிலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரியில் நடந்தது.

அது 1734-ஆம் ஆண்டு வாக்கில். சோழமண்டலக் கரையின் பூப்போட்ட பருத்தித் துணிக்கு, நாம் சீட்டி என்று சொல்வதற்கு, ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. எவ்வளவு கிராக்கி என்றால், உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் அரசு 1686-லேயே அதற்குத் தடை போட்டது. 1759 வரை தடை நீடித்தது. தடை ஒரு பக்கம் இருக்க, அந்தத் துணியில் சாயம் எப்படிப் போகாமல் நிற்கிறது என்ற ரகசியம் மட்டும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

து ஃபே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் (மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று முதலில் சொன்னவர் இவர்தான்) கேட்டுக்கொண்டபடி, பொலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயத் தொழிலாளர்கள் பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். எழுத்து மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு சேர்ந்த கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அவர் போய்ப் பதினாறு வருடத்தில், 1750-ல், பிரெஞ்சுப் படை செஞ்சிக்கோட்டையைப் பிடித்தது வேறு கதை.

துண்டு துண்டாக எதற்கு வெட்ட வேண்டும்? முடிந்த துணியில் ஒரு துண்டு போதாதா? போதாது. சீட்டி வேலையில், பூசும்போது தெரிகிற நிறம் வேறு, கடைசியில் நிற்கிற நிறம் வேறு.

வெள்ளைத் துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். துணி லேசாகப் பழுக்கும். இரும்புத் துருவைப் புளிக்கவைத்த நீரால் அதில் கோடு இழுத்தால், கடுக்காயோடு சேர்ந்து கோடு கறுப்பாகும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் பூசுவது படிகார நீர். படிகாரத்துக்குச் சொந்த நிறமே கிடையாது. எங்கே பூசினோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காகவே அதில் கொஞ்சம் வேறு சாயம் கலப்பார்கள். பிறகு துணியைச் சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாயவேர் என்பது நம் கரையோர மணலில் விளையும் இம்பூறல் செடியின் வேர். நீலம் தனி வேலை. நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

இதெல்லாம் அந்தத் தொழிலாளிகளுக்குக் கையிலும் கண்ணிலும் இருந்தது. தாளில் இல்லை. 1869 முதல் ஜெர்மனி, இங்கிலாந்து தொழிற்சாலைகள் அதே சிவப்பைச் செயற்கையாகச் செய்யத் தொடங்கியதும் சாயவேருக்கு மதிப்பு போயிற்று. இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தக் கரைத் தொழிலைத் தெரிந்துகொள்ள, வந்து போன ஓர் அதிகாரி வெட்டிய துண்டுகளைப் பாரிஸில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. துணிக்குச் சாயமேற்றிய கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் எங்குமே எழுதப்படவில்லை.

சரி, வீட்டு டப்பாவுக்கு வருவோம். மாதிரி அட்டை செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

தாளில்தான் எல்லாமே இருக்கிறது. வாழ்த்து அட்டைக்கு எந்தத் தாளைப் பயன்படுத்துகிறீர்களோ, அதே தாளில் மாதிரி போட வேண்டும். ஐவரி அட்டையில் கூர்மையாக விழும் கோடு, சாதாரண சார்ட் பேப்பரில் மங்கும். கையால் செய்த தாளில் இன்னும் வேறு. புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இயங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அழகான தாள்களை வாங்கி வருவார்கள். கைக்காகிதத்தில் சில வகை மையை உறிஞ்சிப் பரப்பிவிடும், சில வகை பிடித்து நிறுத்தும். சீட்டித் துணிக்கு எருமைப் பால் ஊற்றியதும் இதற்காகத்தான். பாலின் கொழுப்பு, கோட்டை இழையோடு பரவவிடாமல் தடுக்கும். நம் தாளுக்குப் பால் வேண்டாம், ஒரு மூலையில் குத்திப் பார்த்தாலே போதும்.

தாளை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மைக்கு ஓர் அட்டை. மூலையில் பஞ்ச் போட்டு எல்லாவற்றையும் ஒரு சாவி வளையத்தில் கோத்துவிடலாம். ஒரே நோட்டில் வரிசையாகக் குத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அடுத்த மாதம் புதிதாக ஒரு பச்சை வாங்கினால், இரண்டு பச்சைக்கு நடுவில் அதைச் செருக நோட்டில் இடம் இருக்காது. வளையமே மேல்.

அச்சில் ஒரு பாதி அழுத்தமான பரப்பாகவும், மறு பாதி மெல்லிய கோடாகவும் இருந்தால் நல்லது. முதல் குத்து முழு மையோடு. மறுபடி மை தொடாமல் பக்கத்திலேயே இரண்டாவது குத்து. ஒரே பேடில் இரண்டு நிறம் கிடைத்துவிடும். செஞ்சி மலையின் முன்பாறைக்கு முதல் குத்து, தூரத்தில் தெரியும் குன்றுக்கு இரண்டாவது குத்து என்று வைத்துக்கொண்டால் இன்னொரு பேட் வாங்கும் செலவு மிச்சம்.

ஈரமாக இருக்கும்போது முடிவு கட்ட வேண்டாம். சாய மை பெரும்பாலும் காயும்போது ஒரு படி வெளுக்கும். மறுநாள் காலையில், ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். புடவைக் கடை வாசல் விதிதான் இதற்கும். அதன் பிறகு குத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுக்கவும். கரைந்து ஓடினால், அதன் மேல் வாட்டர் கலர் பூச முடியாது. மழைக்காலத்தில் தபால் உறை மேல் குத்தவும் கூடாது. அசையாமல் நின்றால் அட்டையில் ‘தண்ணீர் தாங்கும்’ என்று எழுதிவிடுங்கள்.

மை எந்த வகை என்பதையும் எழுத வேண்டும். சாய மை தாளுக்குள் ஊறும், சீக்கிரம் காயும். பிக்மென்ட் மை தாளின் மேலேயே உட்காரும், காய நேரம் எடுக்கும். வழவழப்பான தாளில் அது காயவே மறுத்து, மறுநாளும் விரலில் ஒட்டும். கைமீது பழி போடாமல் அட்டையைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

எழுதும் பெயர் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயராகவே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அதைச் சின்னதாகக் கீழே எழுதிவிட்டு, மேலே நம் பெயரை வைக்கலாம். மயில் கழுத்து, கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, எம்.எஸ். ப்ளூ. புடவைக் கடையில் தலைமுறையாகப் பழகிய இந்தப் பெயர்களைச் சொன்னால், அடுக்களையில் இருக்கும் அம்மாகூடச் சரியான பேடை எடுத்துக் கொடுப்பார்.

பலர் விட்டுவிடுகிற சோதனை வெயில் சோதனை. அட்டையில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒரு மாதம் விட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரை என்றால் முடிவு சீக்கிரம் தெரியும். ஆபீஸ் ஊதா ஸ்டாம்ப் பேட் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து ஒட்டலாம். மூடிய பாதி பளிச்சென்று இருக்க, திறந்த பாதி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கல்யாண ஆல்பத்திலோ, சட்டம் போட்டு மாட்டுகிற படத்திலோ அந்த மையைத் தொட மாட்டீர்கள்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகள் பல நேரம் நீலமாக இருக்கும். வரைந்தவர் நீல இலை வரையவில்லை. அன்றைக்குப் பச்சை என்பது அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசி எடுப்பது. சிவப்பும் நீலமும் முந்நூறு வருடமாக நிற்க, மஞ்சள் மட்டும் வெளிச்சத்தில் போய்விட்டது. அவ்வளவு தெரிந்தவர்களுக்கே மஞ்சள் போக்குக் காட்டியிருக்கிறது.

அட்டைகள் முடிந்தபின் பேடுகளை அடுக்குவது சின்ன வேலைதான். அட்டைகளை நிற வரிசையில் கோருங்கள், பேடுகளை மை வகைப்படி அடுக்குங்கள். இரண்டுக்கும் ஒரே எண் போட்டுவிட்டால் தேட வேண்டாம். பேடின் ஓரத்தில், வெளியே தெரிகிற பக்கத்தில், அதே மையால் குத்திய ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால் இன்னும் வசதி. ஃபெல்ட் வைத்த சாய மை பேடுகளைத் தலைகீழாக வைத்தால் மை மேல்பரப்புக்கு இறங்கி ஈரமாக இருக்கும். பிக்மென்ட் பேடுகளை நேராகப் படுக்க வைக்கலாம். தகரக் கொட்டகை, மொட்டைமாடி ரூம், வண்டி டிக்கி எதுவும் ஆகாது. வெயில் காலத்தில் பேட் உலர்ந்துபோகும்.

குழந்தைகள் கூட இருந்தால் ஒரு கட்டளை போடுங்கள். முதலில் மஞ்சள், கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கு நடுவிலும் ஈரத் துணியில் அச்சைத் துடைக்க வேண்டும். கறுப்பு மையோடு ஒரு தடவை மஞ்சள் பேடில் வைத்துவிட்டால், அந்த மஞ்சள் பிறகு எலுமிச்சை ஊறுகாய் நிறம்தான்.

பேடுக்கு மறுபடி மை ஊற்றினால் நிறம் கொஞ்சம் மாறலாம். அதனால் அட்டையின் பின்பக்கம் தேதி எழுதுவது நல்லது. ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கிற அன்று பேடுகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஓர் அட்டை குத்திவிடலாம். போன வருட அட்டையைத் தூக்கிப் போடாமல், புதியதற்குப் பின்னாலேயே அதே வளையத்தில் கோத்துவிடுங்கள்.