தலைக்கு ஒரு டம்ளர் டீ டிகாஷன்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு டீ கிடையாது. "டீ குடிச்சா கறுத்துடுவே" என்று பாட்டி பயமுறுத்தி வைத்திருந்தாள். அந்தப் பயத்தில் பத்தாவது முடிக்கும் வரை நான் டீ பக்கமே போகவில்லை. முப்பத்தெட்டு வயதில் முன் நெற்றிக்கு மேலே கொத்தாக நரை எட்டிப் பார்த்தபோதுதான், பாட்டி சொன்னது பலிக்கக் கூடாதா என்று தோன்றியது. கறுப்பதென்றால் தலைமுடி கறுத்துவிட்டுப் போகட்டுமே!

டீத் தண்ணீர் விட்டு அலசினால் நரை மறையுமா என்று சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். மறையாது. வெள்ளை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது, அதற்கு மேல் நிறம் வேண்டுமென்றால் என்ன சேர்ப்பது என்றெல்லாம் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த டீ டிகாஷன் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அவளால்தான்.

2019 வைகாசியில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மன்னார்குடியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தாய்மாமன் ஆயிற்றே, சீர்வரிசைத் தட்டுக்களோடு நாங்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். போனால் நாத்தனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பகீரென்றது. இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிக் கிடக்கிறது. நெற்றி, காது மடல் எல்லாம் தடித்து, தலையில் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. விழாவுக்கு மூன்று நாள் முன்னால் நரையை மறைக்கலாம் என்று ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டிருக்கிறாள். "டை இல்லை அண்ணி, மருதாணிதான், கறுப்பு மருதாணி. மூலிகைன்னுதான் போட்டிருக்கு" என்று அழுதாள். அட்டையில் பச்சை இலைப் படம் வேறு.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா அந்த அட்டையை வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். பாராஃபினைலீன் டையமின். சுருக்கமாகப் பிபிடி என்கிறார்கள். கடையில் விற்கும் டைகளில் பெரும்பாலானவற்றில் முடியைக் கறுப்பாக்குவது இதுதானாம். எல்லோருக்கும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது, அடுத்த தடவை இதைவிட மோசமாகவும் வரலாம் என்றார். "பத்து வருஷமா வேற டை போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், அப்பல்லாம் ஒண்ணும் ஆகலியே?" என்று இவள் கேட்டாள். அப்படித்தான் வருமாம். பல தடவை சும்மா இருந்துவிட்டு ஒருநாள் உடம்பு திருப்பிக்கொள்ளும் என்றார். ஆயுசுக்கும் டை பக்கம் போகக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

விழா நடந்தது. பெற்ற மகள் மணையில் உட்கார்ந்திருக்க, தாய்க்காரி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு கதவு ஓரத்தில் நின்றாள். ஆல்பத்தில் அவள் இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. அது எங்களுக்கு இன்றைக்கும் ஆறாத குறை.

வீக்கம் வடிந்து தோல் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் தலை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதுதான். பார்க்கிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? "உடம்பு சரியில்லையா, என்ன இப்படி நரைச்சுட்டே?" நரையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அவர்களைப் பார்த்தால் மரியாதைதான். ஆனால் இவள் அப்படிப்பட்டவள் இல்லை. கல்யாணம் காட்சி எதற்குமே வராமல் தையல் மெஷினே கதி என்று கிடந்தாள். அப்போதுதான் நான் சோதனையில் இறங்கினேன். முதல் சோதனை என் தலையில்தான்.

வெறும் டீத்தூளில் ஆரம்பித்தேன். இரண்டு டம்ளர் தண்ணீரில் நான்கு டேபிள் ஸ்பூன் டீத்தூள் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும் வரை காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவைத்துக்கொள்ளுங்கள். வாசனை டீ, மசாலா டீ வேண்டாம், சாதாரணத் தூள் போதும். தலையைச் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசி, ஈரம் ஒற்றிய பிறகு, குனிந்துகொண்டு கீழே ஒரு பேசினை வைத்து மெதுவாக ஊற்றுங்கள். பேசினில் விழுந்ததையே எடுத்து மறுபடி மூன்று நான்கு தடவை ஊற்றலாம். முக்கால் மணி நேரம் பழைய துணியைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். பழைய துணி என்று சும்மா சொல்லவில்லை. நான் முதல் தடவை வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டேன். அது இன்றைக்கும் கரித்துணியாகத்தான் இருக்கிறது.

பலன் என்ன? பளிச்சென்ற வெள்ளை, லேசான பழுப்பாகத் தெரியும். இரண்டு தலைக்குளியலில் போய்விடும். கறுப்பு முடியில் ஒரு பளபளப்பு வரும். டீயில் இருப்பது துவர்ப்பு. அந்தத் துவர்ப்புத்தான் முடியில் கறையாகப் பிடிக்கிறது, அதே துவர்ப்பு அளவுக்கு மீறினால் முடியை வறட்டி விடும். வறண்ட முடிக்காரர்கள் வாரம் ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. செம்பருத்தி இலை நாலைந்தைக் கசக்கி அந்த வழவழப்பைக் கடைசியில் முடி நுனிக்குத் தடவினால் சிக்கு விழாது. வெளிநாட்டுப் பெண்கள் சீமைச் சாமந்தி டீயில் தலை அலசுவார்கள் என்று படித்து அதையும் வாங்கி வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவர்களுடைய பொன்னிற முடியை இன்னும் பொன்னாக்கிக் காட்டுவதற்காம்! நமக்கெதற்கு? குடித்துத் தீர்த்தேன்.

வெறும் டீ நாத்தனாருக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். டீயின் உண்மையான வேலை மருதாணியைக் குழைப்பதில்தான் இருக்கிறது. தோள் வரை உள்ள முடிக்கு நூறு கிராம் மருதாணிப் பொடி வேண்டும். கொல்லையில் மரம் இருந்தால் இலையை நிழலில் காயவைத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். திப்பி இருந்தால் அலசும்போது உயிர் போய்விடும். வெதுவெதுப்பான டிகாஷனை விட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மூடி இராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். இலைக்குள் இருக்கும் லாசோன் என்கிற சாயம் வெளியே வருவதற்கு அந்த நேரம் தேவை. காலையில் எண்ணெய்ப் பிசுக்கில்லாத முடியில் பகுதி பகுதியாகப் பிரித்துத் தடவி, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷாம்பு கூடாது. சைனஸ், தலைநீர் உள்ளவர்கள் மழைக்காலத்தில் இதைத் தொடாதீர்கள். வெயில் ஏறின பிறகு போட்டு, சாயந்தரத்துக்குள் தலை காய்ந்துவிட வேண்டும்.

இரும்புச் சட்டியில் ஊறவைக்கச் சொல்வார்கள் பெரியவர்கள். சட்டியில் கலவை கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதைப் பார்த்ததும் முடியும் அப்படியே கறுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். டீயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். பழைய காலத்து மை இப்படிச் செய்ததுதான். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே கணக்குத்தான், அங்கே கடுக்காயின் துவர்ப்பும் இரும்புத் தண்ணீரும். தலையில் அதனால் சிவப்பு கொஞ்சம் அடங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வெறும் மருதாணி நரைமுடியில் செம்பட்டையாகத்தான் பிடிக்கும். இலையின் குணமே அது.

இங்கேதான் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருதாணி என்று பெயர் போட்ட ஒரு பொடி அரை மணி நேரத்தில் கறுகறுவென்று ஆக்குகிறதென்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. உலகத்தில் எந்த மருதாணி மரத்திலும் கறுப்பு இலை காய்ப்பதில்லை. அட்டையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கலந்திருப்பது என்னவென்றே போடாத பொடியை வாங்கவே வேண்டாம். கல்யாண வீடுகளில் கையில் சட்டென்று கறுப்பாகப் பிடிக்கும் கோன் போடுகிறார்களே, அதிலும் இதே சங்கதி உண்டு. குழந்தைகள் கையை நீட்டினால் தடுத்துவிடுங்கள். இன்னொன்று: ஜி6பிடி குறைபாடு என்று டாக்டர் சொன்ன குழந்தைக்கு அசல் மருதாணியைக்கூட வைக்கக் கூடாது, இரத்தச் சிவப்பணு உடைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கறுப்பு வேண்டுமென்றால் இருக்கிற இலை அவுரி. நீலச் சாயம் எடுக்கிற செடி, திண்டிவனம் பக்கத்தில் பயிரிடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'அவுரி' என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு தரம் நிலாவாரையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது பேதிக்குக் கொடுக்கிற இலை! 'நீலி அவுரி, தலைக்குப் போடுவது' என்று விளக்கமாகக் கேளுங்கள். மருதாணி போட்டு அலசிய முடியில்தான் இதைப் போட வேண்டும், வெறும் நரையில் போட்டால் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். இதற்கு டீயும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தடவ ஆரம்பித்துவிட வேண்டும். மருதாணி மாதிரி ஊறப்போட்டால் வீணாகிவிடும். ஒன்றரை மணி நேரம் வைத்து அலசினால் முதலில் பச்சை அடித்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கருமை ஏறும். வாசனைதான் ஈர வைக்கோற்போர் மாதிரி. அதை மறைக்க முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாத்தனாருக்கு இதை எடுத்த எடுப்பில் போடவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டோம். கலப்படமில்லாத இலையாக இருந்தால் போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துப் பார்த்துவிட்டு என்றார். முழங்கை மடிப்பின் உள்பக்கம் மருதாணியைக் கால் ரூபாய் அளவுக்குத் தடவி, இரண்டு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்தோம். பிறகு அவுரிக்கு இரண்டு நாள். டீ டிகாஷனுக்கும்கூட! "டீக்குமா அண்ணி?" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏற்கெனவே டை ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் யாராக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தலையில் வைக்காதீர்கள், நான் எழுதினேன் என்பதற்காகவும் வைக்காதீர்கள். இருபது இருபத்தைந்து வயதிலேயே நரைக்கிற பெண்களுக்கு பி12 சத்துக் குறைவா, தைராய்டா என்று இரத்தம் சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

2023 தை மாதம் என் மகள் கல்யாணம். பத்து நாள் முன்னாலேயே நாத்தனாரை வரவழைத்து, முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி என்று நானே போட்டுவிட்டேன். மொத்தம் ஆறு மணி நேர வேலை. என் விரல் நகமெல்லாம் கல்யாணம் முடிகிற வரை நீலமாக இருந்தது, சம்பந்தி அம்மா என்ன நினைத்தார்களோ. முடி காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. டை போட்ட மாதிரி அட்டைக் கறுப்பில்லை, காதோரம் கொஞ்சம் சிவப்புத் தெரிந்தது. அது போதும் என்றாள். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுச்சாதக் கூடை வரை எல்லாப் படத்திலும் இருக்கிறாள். இரண்டு படத்தில் பெண்ணையே மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மாதம் ஒரு தடவை வேர்ப்பக்கம் மட்டும் போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஆறேழு மாதம் ஒழுங்காகச் செய்தாள். போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தால் வகிடெல்லாம் வெள்ளை. "பொடி கரைக்க நேரமில்லை அண்ணி, ஆர்டர் குமிஞ்சு கிடக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை டீத் தண்ணி மட்டும் ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் படம் எடுக்கக் கூப்பிட்டதும் எழுந்து போய் முன்வரிசையில் நின்றுகொண்டாள்.