‘பெர்மிஷன் டினைட்’னா உடனே சூடோவா?

லேப்புல யாராவது பைதான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணும்போது ‘பெர்மிஷன் டினைட்’னு வந்துட்டா, பக்கத்து சீட்ல இருந்து ஒரே பதில்தான்: "முன்னாடி சூடோ போடுறா." அதுக்கும் மசியலையா, "சிஎச்மாட் 777 அடி." சீனியருங்க ஜூனியருக்கு வழிவழியா எழுதிவைக்கிற சொத்து இது. இதை இந்த பேட்ச்சோட நிறுத்திக்கலாம்ங்கிறதுதான் என் கட்சி.

கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு பெர்மிஷனைப் பாடமா நடத்தவே வேண்டியதில்ல. முல்லைப் பெரியாறு அணை நிக்கிற இடம் கேரளா. 1886-ல் போட்ட 999 வருஷக் குத்தகையின்படி அதை இயக்கிப் பராமரிக்கிறது தமிழ்நாடு. ஓனர் ஒருத்தர், ரைட் பெர்மிஷன் இன்னொருத்தருக்கு. அதோட முடியல. அணையில வேலை பார்க்க உரிமை இருந்தாலும், தளவாடம் ஏத்தின லாரி போக வேண்டிய வல்லக்கடவு காட்டுப்பாதை கேரளா கையில. அதுக்கு எத்தனை கடிதம், எத்தனை வழக்குன்னு நம்ம ஊர் டீக்கடையில கேட்டாலே சொல்லுவாங்க.

லினக்ஸ்லயும் அப்படித்தான். ஃபைலுக்கு ரைட் இருக்கும். அதுக்குப் போற வழியில ஏதோ ஒரு ஃபோல்டருக்கு ‘எக்ஸ்’ இருக்காது. அப்புறம் ஃபைலை மட்டும் நூறு தடவை சிஎச்மாட் பண்ணி என்ன ஆகப்போகுது? ‘நேம்ஐ மைனஸ் எல்’னு ஒரு கமாண்ட் இருக்கு. முழுப் பாதையையும் கொடுத்தா, ஒவ்வொரு படிக்கும் ஓனர் யாரு, அனுமதி என்னன்னு வரிசையா காட்டிடும். எந்த இடத்துல மறிக்குதுன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

சூடோவே கூடாதுன்னு சொல்லல. ‘ஆப்ட்’டுக்கு அது வேணும், ஏன்னா அது சிஸ்டம் முழுசுக்கும் வேலை செய்யுது. ‘பிப்’புக்குத்தான் வேண்டாம். சிஸ்டத்தோட பைதானை நம்பி உபுண்டுவோட சொந்த டூல்களே ஓடுது. அதுல நாம வேற வெர்ஷனைத் திணிச்சா எது எப்போ உடையும்னு சொல்ல முடியாது. அதனாலதான் 2023-ல் வந்த டெபியன் 12-ம் உபுண்டு 23.04-ம் பிப்பை நேராவே தடுத்துட்டாங்க. மீறணும்னா ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’னு நாமே டைப் பண்ணணும். பேரு வெச்சவர் ரொம்ப நேர்மையானவர்! "நாளைக்கு ரெக்கார்ட் சப்மிஷன், இதுக்கெல்லாம் ஏது நேரம்"னு கேப்பீங்க. வென்வ் உருவாக்க ஒரு வரி, ஆக்டிவேட் பண்ண ஒரு வரி. அவ்வளவுதான்.

இன்ஸ்டாலர்ல இருக்கிற பிழைக்கும் சூடோ கோடாலி கொடுத்துடும். 2018 பிப்ரவரியில வந்த என்பிஎம் 5.7.0-ஐ சூடோவோட ஓட்டினவங்களுக்கு ‘இடிசி’, ‘யுஎஸ்ஆர்’ மாதிரி சிஸ்டம் ஃபோல்டர்களோட ஓனர்ஷிப்பே மாறிப்போச்சு. அவசரமா 5.7.1 விட்டாங்க. 777 இன்னும் வேடிக்கை. ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டர் முழுக்க அதை அடிச்சா, சூடோ ஃபைல்ல இருக்கிற செட்யூஐடி பிட் போயிடும். அதுக்கப்புறம் சூடோவே வேலை செய்யாது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்த கையோட, நம்ம உரிமை போச்சு.

ஏற்கெனவே சூடோ என்பிஎம் ஓட்டிட்டு, இப்போ சாதாரணமா ஓட்டினா ‘ஈ-ஆக்சஸ்’ எரர் வருதா? ஹோம் ஃபோல்டர்ல ‘டாட் என்பிஎம்’முக்கு ‘எல்எஸ் மைனஸ் எல்டி’ போட்டுப் பாருங்க. உள்ள இருக்கிற ஃபைல்களையும் பாருங்க. ஓனர் இடத்துல ரூட் இருந்தா, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் சிஎச்ஓன் போட்டு உங்க பேருக்கு மாத்துங்க. அதுக்கு சூடோ தாராளமா போடலாம்.