நிலக்கீழறையில் கூடும் மன்றம்

2023 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆப்கானிஸ்தானின் தலிபான் ஆட்சியாளர்கள், நாட்டிலுள்ள பெண்களுக்கான அழகு நிலையங்கள் அனைத்தையும் ஒரு மாத காலத்துள் மூடிவிடுமாறு கட்டளையிட்டனர். அதனை எதிர்த்துக் காபூல் வீதியில் இறங்கிய பெண்கள்மீது நீர் பாய்ச்சப்பட்டது. வானை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. ஏறத்தாழ 60,000 பெண்கள் தொழிலை இழப்பர் என அந்நாட்டு மகளிர் வணிகச் சம்மேளனம் அப்போது மதிப்பிட்டது. புருவம் திருத்துவது மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்றும், மணமகன் வீட்டாருக்கு வீண் செலவு என்றும் காரணங்கள் கூறப்பட்டன. (மணமகன் வீட்டாரின் செலவில் ஆட்சியாளருக்கு எத்துணை அக்கறை!) ஆனால் உண்மைக் காரணம் வேறு. பூங்காக்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், பல்கலைக்கழகங்கள் யாவும் 2022 ஆம் ஆண்டின் இறுதிக்குள் பெண்களுக்கு மூடப்பட்டுவிட்டன. ஆண்களின் கண்காணிப்பின்றிப் பெண்கள் ஒன்றுகூடிப் பேசக்கூடிய இடமாக எஞ்சியிருந்தவற்றுள் அழகு நிலையமே முதன்மையானது.

ஐரோப்பாவின் மிகப்பெரிய ஆப்கானிய சமூகங்களுள் ஒன்று எமது ஹம்பேர்க் நகரிலேயே வாழ்கின்றது. ஸ்ரைன்டாம் வீதியில் காய்கறி வாங்கச் செல்லும் எம்மவர் நாள்தோறும் காணும் அயலவர் அவர்கள். அவர்களது தாயகத்தில் நிகழ்ந்த இக்கொடுமையைச் செய்தியாக வாசித்துவிட்டுக் கடந்து சென்ற நாம், எமது பெண்களுக்கு இந்நகரில் அத்தகைய இடம் எது என ஒருபோதும் வினவியதில்லை. சங்கங்கள் இருக்கின்றன, கோவில்கள் இருக்கின்றன, தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். பெண்கள் எங்கே நிற்கின்றனர் என்பது விளங்கும். எமது பெண்கள் தடையின்றி மனந்திறந்து பேசும் இடம், யாரோ ஒரு அக்காவின் வீட்டு நிலக்கீழறையில், ஒரு கண்ணாடிக்கும் ஒரு சுழல் நாற்காலிக்கும் நடுவில் அமைந்திருக்கின்றது என்பதே எனது கருத்து. இதைக் கேட்டு நகைப்பவர் சற்றுப் பொறுத்திருந்து வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டத்தை அறிந்தோர் மார்ட்டின் லூதர் கிங்கை அறிவர். மேடம் சி. ஜே. வோக்கரை அறிந்தோர் சிலரே. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1867 இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த இப்பெண்மணி, கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கான பொருட்களைத் தயாரித்துப் பெரும் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். அவரது முகவர்களான பெண்கள் 1917 இல் பிலடெல்பியா நகரில் மாநாடு கூட்டினர். தைலமும் சீப்பும் பேசக் கூடியவர்கள், கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பிவிட்டே கலைந்தனர்.

அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. தென் கரோலினா மாநிலத்தில் எழுத்தறிவுத் தேர்வு என்னும் தந்திரத்தால் கறுப்பின மக்களின் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த காலம். ஜோன்ஸ் தீவில் 1957 ஜனவரியில் முதியோருக்கென ஒரு குடியுரிமைப் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் ஆசிரியராகத் தெரிவு செய்யப்பட்டவர் பெர்னிஸ் ரொபின்சன் என்னும் சிகையலங்காரப் பெண்மணி. தாம் ஆசிரியரல்லர் என அவர் தயங்கினார். ஆசிரியர் அல்லாதவர், பிறர் பேசுவதைச் செவிமடுக்கத் தெரிந்தவர் என்பதற்காகவே அவர் விரும்பப்பட்டார். வேறொரு காரணமும் உண்டு. பள்ளி ஆசிரியர்களை அரசு வேலைநீக்கம் செய்ய முடியும். செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை உரிமை அமைப்பொன்றில் உறுப்பினராக இருந்தமைக்காக 1956 இல் அவ்வாறே நீக்கப்பட்டார். சிகையலங்காரம் செய்பவரை எவர் நீக்குவது? அவரது வாடிக்கையாளரும் கறுப்பினப் பெண்கள், அவரது வருவாயும் அவர்களிடமிருந்தே. அந்தப் பொருளாதாரச் சுதந்திரமே அவருக்குக் கவசமாயிற்று.

ஜேர்மனியிலும் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. தலைமுடிக்கு நிலையான சுருள் தரும் முறையை 1906 இல் இலண்டனில் செய்து காட்டிய கார்ல் நெஸ்லர், கருங்காட்டுப் பகுதியின் ரொட்னவ் ஊரில் பிறந்தவர். 1920களில் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளும் துணிவு பெண்களுக்கு வந்தபோது மகளிர் சிகையலங்கார நிலையங்கள் நகரெங்கும் பெருகின. போருக்குப் பின்னரான தலைமுறையில், வாரந்தோறும் குறித்த நாளில் தலை கழுவிச் சுருள் வைக்கச் செல்வது பல ஜேர்மனிய மூதாட்டியர்க்கு ஏறத்தாழ ஒரு வழிபாடு. பெருந்தொற்றுக் காலத்தில் 2021 மார்ச் 1 ஆம் நாள், ஏனைய கடைகள் பல மூடிக்கிடக்கையில், சிகையலங்கார நிலையங்களைத் திறக்க அரசு அனுமதித்தது. அது மனித மாண்பு சார்ந்தது என அரசியல்வாதிகள் விளக்கமளித்தனர்.

எமது ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் கடையும் தேநீர்க் கடையும் திராவிட இயக்கத்தின் வாசகசாலைகளாக விளங்கியமை யாவரும் அறிந்ததே. பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் கேட்டிருப்பர். யாழ்ப்பாணத்துச் சலூன்களிலும் அரசியல் பேசப்பட்டது. ஆனால் அங்கிருந்தோர் யாவரும் ஆண்கள். பெண்களுக்குக் கிணற்றடியும், பின்னேரத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்க்கும் விறாந்தையும் இருந்தன. புலம்பெயர்ந்த நாட்டில் கிணற்றடியும் இல்லை, விறாந்தையும் இல்லை.

எண்பதுகளில் இந்நாட்டிற்கு வந்தோரில் பெரும்பான்மையினர் இளைஞர்கள். 1987 இல் அகதி விண்ணப்பதாரருக்கு ஐந்தாண்டு வேலைத்தடை விதிக்கப்பட்டது. பெண்களிற் பலர் பின்னர் மணப்பெண்களாக வந்து சேர்ந்தனர். அரசின் ஒருங்கிணைவு மொழிவகுப்புகள் 2005 ஜனவரியிலேயே ஆரம்பமாகின என்பதை இளையோர் கவனத்தில் கொள்ளவேண்டும். அதற்கு முன்னர் வந்த உங்கள் தாய்மாருக்கு மொழி கற்பிக்க எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. நான்காம் மாடி வீடு, குளிர், கைக்குழந்தை, வேலைக்குப் போன கணவன். அத்தனிமையில் ஒருத்தி மற்றொருத்திக்கு நூல் கொண்டு புருவம் திருத்தியதும், பூப்புனித நீராட்டு விழாவிற்குச் சேலை கட்டிவிட்டதும், மணப்பெண்ணுக்குச் சடைநாகம் வைத்துப் பின்னியதுமே பின்னாளில் தொழிலாயின. எந்த மருத்துவர் பெண், எந்தப் பாடசாலையில் இடமுண்டு, வீசா நீடிப்புக்கு எந்தப் படிவம், தமக்கென வங்கிக் கணக்குத் திறப்பது எவ்வாறு என்பனவெல்லாம் அந்த நாற்காலியில் அமர்ந்தே பலர் அறிந்துகொண்டனர்.

இவ்விடங்களைப் புனிதப்படுத்துவது எனது நோக்கமன்று. கரிய நிறத்துப் பெண்ணைச் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் மணவறைக்கு அனுப்பும் வழக்கமும் இங்கேதான் நடைபெறுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருட்களில் பாதரசம் தடைசெய்யப்பட்டிருக்க, நிறத்தை வெளுப்பாக்கும் முத்திரையற்ற களிம்புகளை இன்றும் சிலர் கைமாற்றிக் கொள்கின்றனர். அத்துடன், அங்கே சொல்லப்பட்ட குடும்ப இரகசியம் மறுவாரம் கோவில் வீதியில் உலாவருவதும் உண்டு. வீட்டில் அடிவாங்கும் பெண் தன் கையிலுள்ள தழும்பை முதலில் காண்பிப்பது மருத்துவருக்கல்ல, தலைவாரி விடுபவருக்கே என்பதை உணர்ந்த அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம், 2017 ஜனவரி முதல் இத்தொழிலாளருக்கு வீட்டு வன்முறை பற்றிய ஒரு மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அத்தகையதொரு பயிற்சியை எமது பெண்களுக்கு ஒழுங்கு செய்ய எமது சங்கங்களுக்கு எத்தனை யூரோ செலவாகும்? ஆண்டுவிழா ஒன்றின் ஒலிபெருக்கி வாடகை போதும். வன்முறைக்குள்ளான பெண்களுக்கு 2013 முதல் இயங்கிவரும் ஜேர்மனிய உதவித் தொலைபேசியின் 116 016 என்ற எண்ணை அக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைப்பதற்கோ செலவே இல்லை. பெயர் கூறத் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

பெற்றோர்களே, இனிக் கூறுவது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். மகள் சிகையலங்காரத் தொழிற்பயிற்சிக்குச் செல்ல விரும்புகின்றேன் என்றதும் எத்தனை வீடுகளில் உணவு மேசை மௌனமாகின்றது! “அதுக்கோ நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனாங்கள்?” என்ற வினா எழுகின்றது. ஊதியம் குறைவு என்பர். அது மெய்யே. இத்துறைக்கு மேற்கு ஜேர்மனியில் மணிக்கு 7.50 யூரோ என்ற குறைந்தபட்ச ஊதியம் 2013 நவம்பரிலேயே வந்தது. இன்றும் இது செல்வம் கொழிக்கும் தொழிலன்று. ஆயினும் அம்மௌனத்தின் அடியில் கிடப்பது ஊதியக் கணக்கு மாத்திரமல்ல. ஊரில் முடிதிருத்தும் தொழிலை ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தி, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அச்சமூகத்துப் பெண்களே தமிழகத்தில் மருத்துவச்சிகளாக ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையேந்தினர். பிள்ளைப்பேற்றுக்கு அவர்கள் கை வேண்டும், பந்தியில் அவர்கள் அமரலாகாது என்ற அந்தச் சாதிப் புத்தியைக் கடல் தாண்டியும் கொண்டுவந்திருக்கின்றோம். அதே வேளை, வெள்ளிக்கிழமை மாலையில் அந்த நிலக்கீழறைக்குச் சென்று புருவம் திருத்திக்கொள்ள எமக்குக் கூச்சமில்லை.

இளையோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. முடி வெட்டும் தொழிலைச் சொந்தமாக நடத்துவதற்கு இந்நாட்டில் பொதுவாக மாஸ்ரர் தகைமை வேண்டும். 2004 இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு அக்கட்டாயம் நீக்கப்பட்டபோதும் சிகையலங்காரத்திற்கு நீக்கப்படவில்லை. எனினும் பயிற்சி முடித்து ஆறு ஆண்டுகள் பணிபுரிந்து, அவற்றுள் நான்கு ஆண்டுகள் பொறுப்பான நிலையில் இருந்தவருக்கு மாஸ்ரர் சான்றிதழ் இன்றியும் அனுமதி பெற வழியுண்டு. முகப்பராமரிப்பு, ஒப்பனை போன்ற அழகுக்கலைத் தொழிலுக்கோ மாஸ்ரர் தகைமை தேவையில்லை, பதிவு செய்தலே போதுமானது. பிறநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் சட்டம் 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. பதிவின்றி நிலக்கீழறையில் நடத்துவதால் அப்பெண்மணிக்கு ஓய்வூதியச் சேமிப்பும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை, அயலவர் முறையிட்டால் தண்டப்பணமே மிஞ்சும். இருபது ஆண்டுகள் பிறரை அழகுபடுத்தியவர் தமது முதுமையில் கணவனின் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் நிலை எவ்வகையில் நியாயம்?

ஹம்பேர்க் கைவினைத்தொழில் சம்மேளனத்தின் அலுவலகம் ஹொல்ஸ்ரென்வால் வீதியில் உள்ளது. தொழிற்பயிற்சி ஆண்டு கோடை முடியுமுன்னரே, ஓகஸ்ட் மாதமளவில் ஆரம்பமாகின்றது. விண்ணப்பிக்க விரும்பும் மகளுடன் தகப்பனாரும் ஒருமுறை அங்கு சென்றுவரலாம். திங்கட்கிழமை சென்றால் நிலக்கீழறை அக்காவையும் உடன் அழைத்துச் செல்ல வசதியாயிருக்கும். இந்நாட்டுச் சிகையலங்காரக் கடைகள் பல அன்று மூடியிருப்பதைப் போன்று, அவருக்கும் அன்று வாடிக்கையாளர் குறைவு.