வீட்டைப் பூட்டினார்கள், ஷெட்டில் படம் போனது!

இரவு மணி எட்டு.

காரைக்குடியில் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசலைத் தாண்டி, மதில் ஓரமாக, தனியாக ஒரு கார் ஷெட். அதில் இப்போது கார் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதியவரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மூலையில் ஒரு டி.வி.

டி.வி.யில் படம் இல்லை. "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும் நிற்கிறது.

நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று காலையில்தான் வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். கிழவி போன் போடுகிறார்.

"ஆச்சி, நீங்க போனதிலேருந்து டி.வி. ஓடலே. பெரிய வீட்டு மெயினைக் கொஞ்சம் போட்டுக்கவா?"

"வேண்டாம், வேண்டாம்! இடி மின்னல் காலம். பொங்கலுக்கு வருவோம்ல, அப்பப் பார்த்துக்கலாம்."

பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது!

ஆச்சியைக் குற்றம் சொல்லக் கூடாது. பூட்டிய வீட்டில் மெயினை நிறுத்துவது நல்ல பழக்கம். பர்மாத் தேக்கு உத்தரமும் தூணும் உள்ள வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும்? ஷெட்டுக்குத் தனி மீட்டர் போட்டு, விளக்கும் மின்விசிறியும் ஓட ஏற்பாடு செய்தவரும் அதே ஆச்சிதான். கோளாறு மனதில் இல்லை. கம்பி இழுத்த விதத்தில் இருக்கிறது.

டிஷ் இருப்பது பெரிய வீட்டு மாடியில். பெட்டி இருப்பது பெரிய வீட்டுக்குள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி கிளை பிரிந்து ஷெட்டுக்கு வருகிறது. மெயினை நிறுத்தினால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் ஷெட்டில் படம் இல்லை. வீட்டுக்காரர்கள் வந்திருக்கும் நாட்களில் மட்டும் படம் வரும். அப்போதும் அவர்கள் பார்ப்பதைத்தான் இவர்களும் பார்க்க வேண்டும்! அங்கே கிரிக்கெட் ஓடினால் இங்கேயும் கிரிக்கெட். அங்கே யாரோ ரிமோட்டை அழுத்தினால், இங்கே கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போதே சமையல் குறிப்பு வந்துவிடும்.

ஆள் இருக்கும் இடத்தில் படம் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் டிஷ் இருக்கிறது. இது என்ன கணக்கு?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிய வீடுகள் உண்டு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வருகிறார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டுக்குத் துணை, ஷெட்டில் இருக்கும் இரண்டு பேர்தான். ஓடு உடைந்ததா, கரையான் ஏறியதா, எவனாவது தூணைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்க்கிறானா என்று கண் விழித்திருப்பவர்கள் அவர்களே. அவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? புயல் வருகிறது என்றால் தெரிய வேண்டாமா?

"இப்போது எல்லாம் செல்போனிலேயே வருகிறதே!" என்பார் சிலர். வருகிறது. உள்ளங்கை அளவு கண்ணாடியில், வெள்ளெழுத்து விழுந்த இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

ஆண்டெனா காலம்

தூரத்துப் படத்தைப் பிடிக்கும் தவிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ல். அந்தப் படம் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல, இலங்கையிலேயே உயரமான மலை, 2,524 மீட்டர். நடுவில் இருப்பதோ கடல். மறைக்க மலையும் இல்லை, மாடியும் இல்லை. ராமநாதபுரம் கரையோரத்திலும் அதை அடுத்த ஊர்களிலும் உயரமான கம்பம் நட்டவர்களுக்குச் சிங்களப் படம் கிடைத்தது. பாஷை புரியாவிட்டால் என்ன? படம் தெரிந்தது!

பிறகு கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்தது. அதன் பிறகு ஆண்டெனாவைத் திருப்பும் வேலை வீட்டுக்கு வீடு. ஒருவர் மொட்டை மாடியில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் டி.வி. முன்னால். "வந்துச்சு, வந்துச்சு... போச்சு! இன்னும் கொஞ்சம்!"

அந்த ஆண்டெனாவைத் தூசி தட்டி ஷெட்டின் மேல் மாட்டினால் போதுமே என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. போதாது. தரையிலிருந்து ஒலிபரப்பிய பழைய முறை கோபுரங்களைத் தூர்தர்ஷன் 2022-க்குள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நிறுத்திவிட்டது. அந்தக் கம்பியில் இனிமேல் காக்கைதான் உட்காரும். தகரக் கூரைக்குள் வைக்கிற சிறு ஆண்டெனாவும் வீண் செலவே.

கம்பி தின்னும் படம்

"பெரிய வீட்டு டிஷ்ஷிலிருந்து நீளமாகக் கம்பி இழுத்தால் ஆயிற்று" என்பது அடுத்த யோசனை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

டிஷ்ஷிலிருந்து வரும் கம்பி வெறும் கயிறு அல்ல. அது வழியிலேயே சிக்னலைத் தின்றுகொண்டே வரும். ஆர்.ஜி. 6 என்ற நல்ல கம்பியே, 100 அடி ஓடினால் புறப்பட்ட சிக்னலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும். கம்பி நல்லதாக இருந்தால் அதுவே போதும். ஆனால் செட்டிநாட்டு வீடு எவ்வளவு நீளம்? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டித்தானே ஷெட்! அதற்குள் கம்பி 200 அடி, 250 அடி ஆகிவிடும். நடுவில் இரண்டாகப் பிரித்தால் மிச்சம் இருப்பதிலும் பாதி போகும். மலிவான மெல்லிய கம்பியாக இருந்து, ஒட்டுப் போட்டு டேப் சுற்றி, அந்த ஒட்டில் மழை நீரும் இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையத்தான் செய்யும்.

இந்த வேலைக்காக நாட்டு ஓட்டுக் கூரையில் ஆள் ஏறுவது இன்னொரு கொடுமை. படம் வருகிறதோ இல்லையோ, அடுத்த மழைக்கு வளவில் ஒழுகும்.

அப்படியானால் வழி என்ன? ஷெட்டுக்குத் தனி டிஷ் வையுங்கள். தனிப் பெட்டியும் வையுங்கள். இதுதான் வழி.

டிஷ் என்றால் உயரமான மாடியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அது ஆண்டெனா காலத்து நம்பிக்கை. கோபுரத்திலிருந்து படம் வந்தபோது உயரம் வேண்டியிருந்தது. இப்போது படம் வருவதோ ஆகாயத்திலிருந்து, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து! அதற்கு நாலு கட்டு வீட்டின் மாடியும் ஒன்றுதான், ஷெட்டின் வாசலும் ஒன்றுதான்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 2004 டிசம்பரில் வந்தது. அதற்குப் படம் அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. காரைக்குடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதாவது, அண்ணாந்து பார்த்தால் உச்சிக்குச் சற்றுக் கீழே. ஆகவே 20 அடி மதில் தென்கிழக்கில் நின்றாலும் கவலை இல்லை. பத்தடி தள்ளித் தரையிலேயே டிஷ்ஷை வைக்கலாம். தென்னை மட்டை மட்டும் குறுக்கே ஆடக் கூடாது.

பெரிய வீட்டு டிஷ் ஷெட்டுக்குக் கிட்டத்தில், பின்கட்டிலேயே இருக்கிறதா? அப்போது இன்னொரு டிஷ்கூட வேண்டாம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியில் இரண்டு வாய் உள்ளது கடையில் கிடைக்கிறது. ஒரு வாய் வீட்டுக்கு, ஒரு வாய் ஷெட்டுக்கு. அதற்கு வேண்டிய மின்சாரம், ஷெட்டில் இருக்கும் பெட்டியிலிருந்தே கம்பி வழியாக ஏறிவிடும். பெரிய வீட்டில் மெயின் நின்றால் நிற்கட்டும்! கேபிள்காரரிடம் இணைப்பு வாங்குகிறவர்களும் பின் தெருக் கம்பத்திலிருந்தே கம்பி கேட்கலாம். முன் தெருவிலிருந்து வீட்டைக் குடைந்துகொண்டு வர வேண்டியதில்லை.

டி.வி. பழசாயிற்றே என்று தயங்க வேண்டாம். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டி.வி.யே ஷெட்டில் இருக்கலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் செருகி உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால் அதிலும் படம் வரும்.

இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை என்ற பெயர் மாறி 2024 முதல் டி.டி. தமிழ் ஆகிவிட்ட நிலையம் அதில் வருகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இரவு தவறாமல் பார்க்கும் தனியார் தொடர்கள் எல்லாம் அதில் வராது. கிழவிக்கு அந்தத் தொடர்தான் வேண்டும் என்றால் கட்டண இணைப்பே கொடுக்க வேண்டும். கட்டணத்தை யார் கட்டுவது? வீட்டுக்காரர்தான். சென்னையிலிருந்து ஒருமுறை காரில் வந்து திரும்பும் பெட்ரோல் செலவு, பல மாதச் சந்தாவுக்குக் காணும். சம்பளத்தில் பிடிக்கிற கணக்கு இதில் வேண்டாம்.

கம்பம் நடும்போது ஒரு எச்சரிக்கை. டிஷ்ஷோ கம்பமோ சாய்ந்தால் மின்சாரக் கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். இரும்புக் குழாயைத் தூக்கும்போது மேலே பார்க்காமல் தூக்கி உயிரை விட்டவர்கள் உண்டு. கம்பத்துக்கு எர்த் போடுங்கள். இடி இடித்தால் டி.வி.யின் பிளக்கையும் டிஷ் கம்பியையும் கழற்றிவிட வேண்டும் என்று முதியவருக்குக் காட்டிக் கொடுங்கள். கனமழையில் படம் உறைந்து நின்றால் டிஷ்ஷைத் தட்டக் கூடாது, திருப்பக் கூடாது. மழை விட்டதும் தானே வரும்.

இத்தனைக்கும் மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வீட்டைப் பூட்டிக் காரில் ஏறுவதற்கு முன், மெயினை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஷெட்டுக்கு ஒரு நடை போங்கள். டி.வி.யைப் போடச் சொல்லுங்கள். படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.